பெரியவன் இருந்த உடம்பு

விடிந்ததும் அந்த வீட்டில் முதலில் கேட்க வேண்டிய சத்தம் ஒன்று இருந்தது. மற்ற வீடுகளில் அது குழாயில் தண்ணீர் வருகிற சத்தமாக இருக்கும், இல்லையென்றால் யாராவது யாரையாவது திட்டுகிற சத்தமாக இருக்கும். இங்கே அது சின்னவன் மூத்திரம் பெய்கிற சத்தம். சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் சிரித்தும் விட்டாள். சின்னவனின் அண்ணி, பெரியவள், அவளைப் பார்த்த பார்வையில், அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதே இல்லை.

பின்கட்டில் தகரக் கதவு போட்ட குளியலறை. சின்னவன் உள்ளே போய்த் தாழ் போடுவான். வெளியே பெரியவள் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்திருப்பாள். கை கரியில் இருக்கும், காது கதவில் இருக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு பிளாஸ்டிக் ஜாடியில் விழ ஆரம்பிக்கும். நடுவில் நின்று, ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, இரண்டாவது தடவை வேகமாக வரும். அவள் புருஷனுக்கும் அப்படித்தான் வரும். பதினோரு வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா? மூத்திரப்பை தம்பியுடையது, அதில் அண்ணனுக்கு என்ன வேலை என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். அவளிடம் யாரும் கேட்கவில்லை. "வந்துட்டாரு" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அவள் பாத்திரத்தைத் தேய்ப்பாள்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் மர அறுவை மில்லில் வேலை பார்த்தவர்கள். ரம்பத்துக்கு முன்னால் நின்று தடியைத் தள்ளுகிறவன் பெரியவன். பின்னால் நின்று பலகையை வாங்குகிறவன் சின்னவன். ரம்பம் போடுகிற இரைச்சலில் பேச்சுக்கு இடமில்லை. அண்ணன் தோளைக் கொஞ்சம் தாழ்த்தினால் தம்பி விலகுவான், தாடையை ஆட்டினால் பிடிப்பான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே உடம்பு என்று மில்லில் கிண்டல் செய்வார்கள். அந்தக் கிண்டல் பலித்தது. தம்பிக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு, கால் வீங்கி முகம் ஊதி இரண்டு வருஷம் கிடந்தான். அந்த இரண்டு வருஷமும் அவனுக்குச் சொட்டு மூத்திரம் கிடையாது. பெரியவன் யாரையும் கேட்காமல் போய் ரத்தப் பரிசோதனை கொடுத்துவிட்டு வந்தான். "ரெண்டு இருக்கு, ஒண்ணு சும்மாதானே இருக்கு" என்றான். சட்டை கொடுக்கிற மாதிரிச் சொன்னான்.

கொடுத்து ஒரு வருஷம் நாலு மாசம் கழித்து, லாரியிலிருந்து தடி இறக்கும்போது முட்டுக்கட்டை நழுவியது. கீழே நின்றவன் பெரியவன். ஒரு கிட்னியோடு இருந்தான், அதனால்தான் சட்டென்று விலக முடியவில்லை என்று ஊர் பேசியது. ஒரு கிட்னி இருந்தால் என்ன, நூறு கிட்னி இருந்தால் என்ன, அந்த மரம் கேட்குமா? பெரியவள் அடுப்பில் கஞ்சியை விட்டுவிட்டு ஓடினாள். அவள் போவதற்குள் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். முகத்தைப் பார்க்க விடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சின்னவன் ஒரு வார்த்தை சொன்னான். வலது பக்க அடிவயிற்றில், தைத்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணன் முழுசாப் போகல அண்ணி. பாதி இங்கதான் இருக்கான்" என்றான். ஆறுதலுக்குச் சொன்னதுதான். சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வீட்டையே தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டது.

அவன் வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அவளுக்குப் பதறும். "இந்தப் பக்கம் திரும்பிப் படு தம்பி, நசுங்கப் போவுது" என்பாள். அவன் மோர் வேண்டாம் என்றால் அவளுக்கு முகம் மாறும். பெரியவனுக்கு மோர் பிடிக்கும். வீட்டில் ஆள் எண்ணிக்கை எடுக்க வந்த பெண்ணிடம் ஒருநாள் வாய் தவறாமலே "நாலு பேர்" என்று சொன்னாள். உள்ளே இருந்த சின்னவள், அதுதான் தம்பி பெண்டாட்டி, வெளியே வந்து "மூணு பேர்" என்று திருத்தினாள். வந்தவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சின்னவள் ரெடிமேட் துணிக் கம்பெனியில் கை தைக்கிறவள். சட்டைக்குக் கை. ஒரு நாளைக்கு முன்னூறு கை. எட்டு மணிக்கு ஓட வேண்டும். அதனால், ஆஸ்பத்திரியில் தினமும் எழுதி வைக்கச் சொன்ன ஜாடி அளக்கிற வேலை பெரியவளுக்கு வந்தது என்று சொல்லலாம். அது முழு உண்மை இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"அக்கா, நாளையிலேர்ந்து ஜாடிய நானே பாத்துக்கறேன்."

"உனக்கு ஏதுடி நேரம்?"

"அஞ்சு நிமிஷம் ஆகுமா? எவ்வளவுன்னு பாத்து எழுதணும், கொட்டணும். அவ்வளவுதானே."

"எனக்குப் பழகிடுச்சு."

"அதத்தான் சொல்றேன். எனக்குப் பழகவே விடல நீங்க." சின்னவள் பின்னலை இழுத்து முடிச்சுப் போட்டாள். "அவரு என் புருஷன்க்கா."

"யாரு இல்லேன்னா?"

"வாயால யாரும் சொல்லல."

சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மறுநாளும் பெரியவள்தான் ஜாடியை வாங்கினாள்.

பெரியவன் போன பிறகு மில்லில் பெரியவளுக்கு வேலை கொடுத்தார்கள். ரம்பத்துக்கு அடியில் இடுப்பளவு பள்ளம். அறுக்க அறுக்க மரத்தூள் அதில் கொட்டும். அதை அள்ளி மூட்டை கட்டுவது அவள் வேலை. வெள்ளை மரத்துத் தூள் மாவு மாதிரி இருக்கும், சிவப்பு மரத்துத் தூள் மூக்கில் காரமாக ஏறும். தலையிலும் மூக்கிலும் துணி கட்டியிருந்தாலும் சாயங்காலம் துப்பினால் எச்சில் பழுப்பாக வரும். மேஸ்திரிக்கு ரம்பம் ஒரு விரலில் பாதியை எடுத்துக்கொண்டதால் அவருக்கு அரைவிரல் என்றே பெயர். அவர் தங்கமான மனுஷர். பெரியவன் பெண்டாட்டி என்று அவளுக்கு வாரம் இரண்டு மூட்டை தூள் இனாமாக விடுவார்.

அந்தத் தூள்தான் வீட்டில் எரிந்தது. தகர டின்னில் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைப் போட்டு, கட்டையால் இடித்து இறுக்கி, பாட்டிலை மெதுவாக உருவி எடுத்தால் நடுவில் ஓட்டை நிற்கும். கீழே பக்கவாட்டுத் துளையில் ஒரு குச்சியைப் பற்றவைத்துச் செருகினால் போதும், நாலு மணி நேரம் நின்று நிதானமாக எரியும். கேஸ் சோற்றுக்கும் குழம்புக்கும் மட்டும். தண்ணீருக்கு எல்லாம் தூள் அடுப்புதான். அந்த வீட்டில் தண்ணீர் கொஞ்சமாகவா கொதித்தது? சின்னவனுக்குக் குடிக்க, வாய் கொப்பளிக்க, குளிக்க, அவன் தட்டைக் கழுவ, துண்டை அலச. ஆஸ்பத்திரியில் கொதிக்க வைத்துக் கொடுங்கள் என்றார்கள். இவள் இரண்டு தடவை கொதிக்க வைத்தாள். மில் பக்கமே போகக் கூடாது, தூசு ஆகவே ஆகாது என்றார்கள். அவனும் போகவில்லை. பழைய மின்விசிறி, மிக்ஸி என்று வீட்டிலேயே உட்கார்ந்து பழுது பார்த்தான். பின்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் அவன் இடம். அதற்கு எதிரே நாலடியில் தூள் மூட்டைகள்.

அந்த வருஷம் மழை விடாமல் பிடித்தது. மூன்று வாரம் வெயில் தலைகாட்டவில்லை. மில் கூரை ஒழுகிப் பள்ளத்தில் தண்ணீர் நின்றது.

"அடியில இருக்கறது மக்கிப்போயிருக்கும்மா. கொட்டிடலாமா?" என்று அரைவிரல் கேட்டார்.

"எதுக்குக் கொட்டணும்? காய வச்சா எரியும்."

"பச்சையா பூத்திருக்கே."

"எரியறதுக்குப் பூத்தா என்ன, காய்ச்சா என்ன?" என்று சிரித்துக்கொண்டே தலையில் ஏற்றினாள்.

அடுப்புச் சூட்டில் மூட்டைகளைப் பிரித்து உலர்த்தினாள். இடிக்கும்போது பச்சையும் சாம்பலுமாகப் புகை மாதிரி எழும்பியது. சின்னவன் மின்விசிறி ஒன்றைச் சரிசெய்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காற்று மூட்டைப் பக்கம் போய் அவன் பக்கமே திரும்பி வந்தது.

இருமல் முதலில் ஒன்றிரண்டுதான் வந்தது. காய்ச்சல் வரவில்லை, அதனால் யாரும் பயப்படவில்லை. காய்ச்சல் வருவதற்கும் உடம்பில் ஆள் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் வாசல் வரை நடந்தாலே மூச்சு வாங்கியது. எட்டாவது நாள் துப்பியதில் ரத்தம் இருந்தது. ஜாடியில் மட்டும் அளவு குறையவே இல்லை. அதைப் பார்த்துப் பெரியவள் தைரியமாக இருந்தாள். "உள்ள ஒண்ணும் ஆகலடி, நல்லா இருக்காரு" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று சின்னவள் கேட்கவில்லை. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் இரண்டு இடத்தில் உருண்டை. டாக்டரம்மா கையில் பேனாவோடு கேள்வி கேட்டாள்.

"மில்லுக்குப் போனாரா?"

"ஆபரேஷன் ஆனதுலேர்ந்து அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல" என்றாள் பெரியவள்.

"வீட்ல புறா, கோழி?"

"ஒரு காக்கா வந்து உக்கார விடமாட்டேன்."

"ஈரமா ஏதாவது? பழைய வைக்கோல், குப்பை, மண்ணு?"

"டாக்டரம்மா, என் வீட்டுத் தரையில சோத்தப் போட்டுச் சாப்பிடலாம். அவரு குடிக்கற தண்ணிய ரெண்டு தடவ கொதிக்க வைக்கறேன்."

"எதுல கொதிக்க வைக்கறீங்க?"

"தூள் அடுப்புலதான். மரத்தூள்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள். சின்னவள் மெதுவாகத் திரும்பிப் பெரியவளைப் பார்த்தாள்.

"அந்தத் தூள் எங்க வச்சிருக்கீங்க?"

பச்சையாகப் பூத்த மூட்டையும், எழும்பிய புகையும், ஓடிய மின்விசிறியும் ஒவ்வொன்றாகப் பெரியவளின் கண்ணுக்கு முன்னால் வந்தன. "அவருக்குப் பக்கத்துல" என்றாள்.

"நானும் அதத்தானே மூச்சுல இழுக்கறேன்? தினமும் அதுலயே கெடக்கறேனே. எனக்கு ஏன் ஒண்ணும் ஆகல?" என்று பிறகு கேட்டாள். தப்பிக்கக் கேட்டது இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"உங்க உடம்புல காவல் முழிச்சிருக்கும்மா. ஈரத் தூள்லேர்ந்து உள்ள போற பூஞ்சைய ரத்தத்துல இருக்கற வெள்ளணுக்கள் அங்கங்க பிடிச்சுத் தின்னுடும். காலையில போனது மத்தியானம் இருக்காது. உங்களுக்கே தெரியாம தினமும் நடக்குது. இவருக்கு அந்தக் காவல மாத்திரை குடுத்துத் தூங்க வச்சிருக்கோம்."

"எதுக்குத் தூங்க வைக்கணும்?"

"அண்ணன் கிட்னிக்காகத்தான். அந்த உடம்புக்கு அது வெளியாள். காவல் முழிச்சிருந்தா அடிச்சே கொன்னுடும்."

"கூடப்பொறந்த அண்ணன் எப்படி வெளியாளாவாரு?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உடம்புக்கு அண்ணன் தம்பி தெரியாதும்மா. தான், தானில்லாதது, இந்த ரெண்டுதான் தெரியும். இப்ப பூஞ்சைக்கு ஊசி போடறோம். ஊசி பாதி வேலைதான் செய்யும். மீதிய அவர் உடம்புதான் செய்யணும். அது செய்யணும்னா அது முழிக்கணும். மாத்திரைய நிறுத்தணும்."

"நிறுத்தினா?"

"முழிச்ச காவல் பூஞ்சைய மட்டும் பாத்து அடிக்காது."

சின்னவள்தான் முதலில் பேசினாள். "நிறுத்திடுங்க டாக்டர். ஆள் இருந்தாப் போதும். மிஷின்ல போட்டுக்கறோம்."

பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

வேண்டாம் என்று சொன்னது சின்னவன். ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துச் சொன்னான். "அண்ணன... நான்... கொல்ல மாட்டேன்." நர்ஸ் மாத்திரையை நிறுத்தினாள். இரண்டு நாள் கழித்து ரத்தத்தில் மருந்து அப்படியே இருந்தது. துழாவிப் பார்த்தால், வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு தானாகவே விழுங்கியிருக்கிறான். டப்பாவைப் பிடுங்கியதும் ஊசிக் குழாயைப் பிடுங்குவேன் என்றான். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறேன் என்றான். உருண்டை இரண்டு இருந்தது மூன்றானது.

வராந்தாவில் மழைச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நனைந்த பெஞ்சில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் வந்து எதிரே நின்றாள். வீட்டில் இருந்த தூள் மூட்டைகளை ஒருத்தியாக இழுத்துக் கொண்டுபோய்த் தெருக்கோடியில் கொட்டிவிட்டு வந்திருந்தாள். கையெல்லாம் சிராய்ப்பு.

"அடுப்பு விஷயத்துக்கு உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன்க்கா. எனக்கும் கண்ணு இருந்துச்சு, நானும் தினமும் அதத் தாண்டித்தான் போனேன். ஆனா இத நீங்கதான் செய்யணும்."

"நான் என்னடி செய்ய?"

"அவரு யாருக்காகப் பிடிவாதம் பிடிக்கறாருன்னு நெனக்கறீங்க? செத்துப்போனவருக்காகவா? உங்களுக்காக. உங்க மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னு. தினமும் காலையில நீங்க கதவுக்கு வெளிய உக்காந்திருக்கறது அவருக்குத் தெரியாதா? வரலேன்னாலும் முக்கி முக்கிப் பெய்வாரு. எங்கிட்டச் சொல்லுவாரு, 'அண்ணி காத்துட்டிருப்பாங்க'ன்னு."

பெரியவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எனக்கு ஒரே ஒருத்தர்தான்க்கா. உங்களுக்குப் போனவரு போயிட்டாரு. எனக்கு இன்னும் போகல. விட்டுடுங்க. உங்க கால்ல விழறேன்." விழவும் போனாள். பெரியவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். இத்தனை வருஷத்தில் அவள் சின்னவளைத் தொட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சின்னவன் கண்ணைத் திறந்தான். கை வலது வயிற்றின்மேல் இருந்தது.

"தம்பி, அந்தத் தூளக் கொண்டாந்து உன் பக்கத்துல வச்சது நான்தான்."

"தெரியும் அண்ணி. அவ சொன்னா. விடுங்க."

"விடறதுக்கு வரல. இன்னொண்ணு சொல்ல வந்தேன். அது அவளுக்குத் தெரியாது." கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை முறுக்கினாள். "உன்ன நான் ஒரு மனுஷனாவே பாக்கல தம்பி. அவரு போனதுலேர்ந்து. நீ சாப்பிட்டியான்னு கேட்டேன்ல, அது உன்னக் கேட்கல. தூங்கினியான்னு கேட்டேன்ல, அதுவும் உன்ன இல்ல. அவர வச்சிருக்கற பெட்டியாத்தான் உன்னப் பாத்தேன். பெட்டி ஒடஞ்சுடக் கூடாதேன்னு பாத்துக்கிட்டேன். நீ இருமின அன்னைக்குக்கூட உன் நெஞ்சப் பாக்கல. ஜாடியத்தான் பாத்தேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து இருமினான். அவள் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். இருமல் அடங்க நேரம் பிடித்தது.

"அண்ணன் எனக்கு நம்பிக் குடுத்தான் அண்ணி."

"உனக்குக் குடுத்தாரு. எனக்குக் குடுக்கல. நான்தான் நடுவுல புகுந்து எனக்குன்னு எடுத்துக்கிட்டேன். நீ அவரக் கொல்லல. அந்தப் பேச்சே வேணாம். அவரு தடிக்கு அடியில போனாரு, நான் அங்க இல்ல. மூஞ்சியக்கூடக் காட்டல எனக்கு. இந்தத் தடவ நானே பக்கத்துல இருந்து அனுப்பி வைக்கறேன். எனக்கு அந்த ஒண்ணையாவது குடு."

அவன் வெகுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போனது. கடைசியில் முழங்கைக்கு அடியிலிருந்து இரண்டு மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். டப்பாவைப் பிடுங்கிய பிறகும் அவன் ஒளித்து வைத்திருந்தவை அவை. வேர்வையில் நனைந்து பிசுபிசுத்திருந்தன.

அதற்கப்புறம் ஒன்பது நாள். முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர்க் காய்ச்சல். சின்னவள் பயந்து நர்ஸைக் கூப்பிட ஓடினாள். "வரட்டும்மா, ரெண்டு வருஷத்துல இப்பதான் இவருக்கு ஒழுங்காக் காய்ச்சல் வருது" என்றாள் நர்ஸ். உடம்பு விழித்துக்கொண்டிருந்தது. ஆறாம் நாள் ரத்தம் துப்புவது நின்றது. அதே ஆறாம் நாள் வலது அடிவயிறு வீங்கிச் சிவந்தது. தொட்டால் கத்தினான். டாக்டரம்மா வலிக்கு ஊசி போட்டு, வீக்கம் அடங்க மருந்து கொடுத்தாள். கிட்னி உள்ளேயே சுருங்கிக் கிடக்கட்டும், எடுக்க வேண்டியதில்லை என்றாள்.

ஜாடியைப் பெரியவள்தான் பார்த்தாள். இந்தத் தடவை சின்னவளே கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். முதல் நாள் ஜாடி நிறைய இருந்தது. நாலாம் நாள் பாதி. ஆறாம் நாள் ஒரு தம்ளர் அளவு, கலங்கலாக. ஏழாம் நாள் அடியை மறைக்கிற மாதிரி. ஒவ்வொரு நாளும் பார்த்தாள், எழுதினாள், கொட்டினாள், கழுவிக் கவிழ்த்தாள். அழவில்லை. ஒருநாள் கழுவும்போது ஜாடியிடம் தாழ்ந்த குரலில் எதையோ பேசிக்கொண்டிருந்ததைத் துடைக்க வந்த பெண் பார்த்தாள். பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு வேறு பக்கம் துடைக்கப் போய்விட்டாள். எட்டாம் நாள் நாலைந்து சொட்டு. ஒன்பதாம் நாள் விடிந்து, காலை போய், மத்தியானம் போய், வெயில் மங்குகிற நேரம் வரை சின்னவன் ஜாடியைக் கேட்கவே இல்லை. பெரியவள் ஸ்டூலில் இருந்து எழுந்தாள். "சரி, போயிட்டு வாங்க" என்றாள். சின்னவன் சுவர்ப் பக்கம் திரும்பி, அண்ணன் போன பிறகு முதல் தடவையாக யாரும் தடுக்காமல் வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தான்.

உருண்டைகள் சுருங்கின. வீட்டுக்கு வந்தான். பழையபடி வாரத்தில் மூன்று நாள் மிஷின். பெரியவள் மில் வேலையை விட்டுவிட்டுச் சின்னவள் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போனாள். வீட்டில் ஒரே கேஸ் அடுப்பு. விடிந்தால் பின்கட்டில் ஒரு சத்தமும் இல்லை. முதலில் அந்த அமைதியில் அவளால் பாத்திரம் தேய்க்க முடியவில்லை. பிறகு தேய்த்தாள்.

ஏழெட்டு மாசம் போயிற்று. சின்னவள் தன் கிட்னி ஒன்றைக் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தாள். பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சின்னவன் மிஷினில் படுத்திருந்ததால் பெண்கள் இரண்டு பேரும்தான் போனார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டினாள்.

"ஒத்துப்போகுது. இன்னும் ஆறு மாசம் பொறுத்துப் பண்ணலாம். ஆனா உங்களோடது அவருக்குக் கெடச்சது அதிர்ஷ்டம்தான். வேற யாருதும் லேசுல ஒத்துக்காது இனிமே."

"ஏன்?" என்றாள் சின்னவள்.

"சின்ன வயசுல உங்களுக்கு அம்மை போட்டுச்சா?"

"போட்டுச்சு."

"அப்புறம் திரும்பி வந்துச்சா? வராது. ஒரு தடவ சண்ட போட்டவன உடம்பு மறக்காது. அடையாளம் எழுதி வச்சுக்கும். மறுபடி வாசல்ல கண்டாலே பாஞ்சுடும். தடுப்பூசி போடறதும் அதுக்குத்தான், சண்ட இல்லாமலே அந்த அடையாளத்தக் காட்டறதுக்கு. இவரு உடம்பு இவரோட அண்ணனோட சண்ட போட்டிருக்கு. அண்ணன் அடையாளம் இப்ப இவரு ரத்தத்துல இருக்கு." காகிதத்தில் ஓர் இடத்தைப் பேனாவால் காட்டினாள். "இதோ, இதெல்லாம் அதுக்குன்னே உண்டானது. அண்ணனோட சாயல் உள்ள எது வந்தாலும் தெரிஞ்சுக்கும். உங்ககிட்ட அந்தச் சாயல் இல்ல."

சின்னவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நாள், தேதி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியவள் காகிதத்தையே பார்த்தாள். சின்னச் சின்ன எண்கள். கடைசியில் மெதுவாகக் கேட்டாள்.

"அது எத்தன நாளைக்கு இருக்கும் டாக்டரம்மா?"

"எது?"

"அவரு அடையாளம்."

"அளவு குறையலாம். ஆனா அந்த ஞாபகம் போகாதும்மா. இவரு இருக்கற வரைக்கும் இருக்கும்."

பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார இடம் கிடைத்தது. பெரியவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"அவரு குரல் இருக்குல்லடி, அது எனக்கு இப்பல்லாம் சரியா வரமாட்டேங்குது. என்னக் கூப்பிடுவாரே, அது எப்படிக் கூப்பிடுவாருன்னு நேத்திக்கு உக்காந்து யோசிச்சேன். வரல. மூஞ்சியும் அந்த ஃபோட்டோவுல இருக்கற மாதிரியேதான் வருது. மத்த மாதிரி எல்லாம் போயிடுச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பதினோரு வருஷம் கூடப் படுத்தவ நான் மறந்துட்டிருக்கேன். அடிச்சு வெரட்டின உடம்பு மறக்க மாட்டேங்குது பாரு."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. தார்ப்பாய்க்கு முன்னால் வராதது, ஒன்பது நாளும் வராதது, எல்லாம் சேர்ந்து வாய்விட்டே வந்தது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் கிட்டே வந்து, யாரும்மா போனது என்று கேட்டார்.

"எங்க வீட்டுப் பெரியவரு" என்றாள் சின்னவள்.

"எப்பம்மா?"

சின்னவள் பெரியவளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "இப்பதாங்க" என்றாள்.